கைகுலுக்கினால் புல் முளைக்குமா?

மாட்டுப் பண்ணைக்காரரும் வனவிலங்குகளைக் காக்க விரும்புகிறவரும் பகையை மறந்து ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பாலை நிலத்தில் புல் தழைத்தது. காணாமற் போயிருந்த ஜாகுவார் என்னும் அமெரிக்கச் சிறுத்தை திரும்பி வந்தது. இப்படி ஒரு கதை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் சொல்லப்பட்டு வருகிறது. இயற்கைப் பாதுகாப்பைப் பற்றிய கூட்டங்களில் இதைக் கூறாமல் இருப்பது அரிது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் இதில் இரண்டு செய்திகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டுள்ளன: மனிதர்கள் ஒத்துழைத்தார்கள் என்பது ஒன்று, அதனால் நிலம் மீண்டது என்பது மற்றொன்று. முதற் செய்திக்குச் சான்று உண்டு. இரண்டாவதை அறிவியல் மாணவர் சற்று நிறுத்தி வைத்து உரசிப் பார்க்க வேண்டும்.

கதை நடந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கு மூலை. அரிசோனா, நியூ மெக்சிகோ என்னும் இரு மாநிலங்கள் மெக்சிகோ நாட்டின் எல்லையைத் தொடும் இடத்தில், ஏறக்குறைய 8 லட்சம் ஏக்கர் பரப்புள்ள முக்கோண வடிவ நிலம் அது. பாலை என்றதும் மணற்குன்றுகளை எண்ணிவிட வேண்டாம். அகன்ற பள்ளத்தாக்குகளில் புல்லும் புதரும், நடுவே எழும் பெலன்சில்லோ மலையில் ஓக் மரங்களும் பைன் மரங்களும் உள்ள வறண்ட நாடு. ஆங்காங்கே கருமையான எரிமலைப் பாறை பரவிக் கிடக்கிறது. இத்தகைய தரையை ஸ்பானிய மொழியில் 'கெட்ட நிலம்' என்ற பொருளில் அழைப்பார்கள். அச்சொல் மருவி 'மல்பாய்' ஆயிற்று. இத்தனை பெரிய பரப்பில் நூறு குடும்பங்கள்கூட வசிப்பதில்லை.

இந்நிலத்தின் புல் எப்படிப் போயிற்று? 1880-களில் இருப்புப்பாதை வந்தது. அதைத் தொடர்ந்து மாடுகள் இலட்சக்கணக்கில் வந்தன. நிலம் தாங்குமா என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. 1891 முதல் 1893 வரை மழை பொய்த்தபோது தெற்கு அரிசோனாவின் மாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை செத்து மடிந்தன. அவை சாவதற்கு முன் புல்லை வேரோடு மேய்ந்து தீர்த்திருந்தன. கிழக்கே நியூ மெக்சிகோவிலுள்ள ஹோர்னாடா ஆய்வு நிலத்தில் பழைய நில அளவைக் குறிப்புகளைப் பிற்கால அளவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1858-இல் அந்நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நல்ல புல் இருந்தது. 1963-இல் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. புல் இருந்த இடத்தை மெஸ்கிட் முதலிய முட்புதர்கள் பிடித்துக்கொண்டன. மெஸ்கிட் எதுவோ என்று திகைக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கண்மாய்க் கரைகளையும் தரிசுகளையும் ஆக்கிரமித்துள்ள சீமைக் கருவேலம் அதன் நெருங்கிய உறவுதான்.

புதர் ஒருமுறை வேரூன்றிவிட்டால் அதை அகற்றுவது எளிதன்று. புல்வெளியில் மழைநீரும் மண்ணின் சத்தும் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். புதர்கள் வந்தபின் சத்தெல்லாம் அவற்றின் அடியில் சிறு சிறு தீவுகளாகச் சேர்கிறது. இடையிலுள்ள தரை மொட்டையாகிறது. காற்றும் நீரும் அதைச் சுரண்டுகின்றன. மொட்டைத் தரையில் புல் விதை பிடிக்காது. புல் இல்லாததால் புதர் மேலும் வலுக்கிறது. ஷ்லெசிங்கர் முதலிய ஆய்வாளர்கள் 1990-இல் இந்தச் சுழற்சியை விளக்கிக் காட்டினார்கள். எனவே 'மாட்டை வெளியேற்று, புல் தானே வந்துவிடும்' என்பது தோன்றும் அளவுக்கு நேரான வழியன்று. இந்த இயல்பை மறவாமல் மேலே செல்வோம்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மேற்கில் சண்டை முற்றியிருந்தது. மாடு ஒழிந்தாலன்றி நிலம் பிழைக்காது என்றனர் ஒரு சாரார். நகரத்தில் இருந்துகொண்டு எங்கள் பிழைப்பில் மண் போடுகிறார்கள் என்றனர் மறு சாரார். தாமஸ் ஃப்ளைஷ்னர் என்ற சூழலியலார் 1994-இல் 'கன்சர்வேஷன் பயாலஜி' என்ற ஆய்விதழில் மேய்ச்சலினால் விளைந்த கேடுகளையெல்லாம் தொகுத்து எழுதினார். உயிரினங்களின் அழிவு, மண்ணின் சிதைவு, ஆற்றோரக் காடுகளின் நாசம் என்று குற்றப் பத்திரிகை நீண்டது. அடுத்த ஆண்டு அதே இதழில் ஒரு மறுப்பு வந்தது. அதில் கையொப்பமிட்ட இருவரைப் பாருங்கள்: ஒருவர் ஜேம்ஸ் பிரௌன், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் பெயர் பெற்ற சூழலியலார், மற்றவர் பில் மக்டானல்டு, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த குடும்பத்தைச் சேர்ந்த பண்ணையாளர். எல்லா மேய்ச்சலும் ஒன்றல்ல. பண்ணையாளரை விரட்டினால் அந்த நிலத்துக்கு அடுத்து என்ன நேரும் என்று சிந்தியுங்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

அவர்கள் அஞ்சியது வெறும் பூச்சாண்டியன்று. அந்த முக்கோணத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலம் தனியாருடையது. மாட்டு வருமானம் நின்றால் பண்ணை விலைக்கு வரும். வாங்குகிறவர் அதை நாற்பது ஏக்கர், இருபது ஏக்கர் எனத் துண்டு போட்டு, ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டு மனையாக விற்பார். சாலை வரும், வேலி வரும், ஒவ்வொரு வீட்டுக்கும் நாய் வரும். பிறகு தீ பரவவும் இடமில்லை. மான் கடக்கவும் வழியில்லை. மேய்ச்சலால் கெட்ட நிலத்துக்கு என்றேனும் மீட்சி உண்டு. மனையாகிவிட்ட நிலத்துக்கு அதுவும் இல்லை. புவியியல் அறிஞர் நாதன் சேயர் 2005-இல் இக்குழுவைப் பற்றி எழுதிய நூலுக்கு 'உழைக்கும் வனம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். மனிதன் தொடாத வனம் ஒன்று, மனிதன் பிழைக்கும் வனம் மற்றொன்று. இரண்டாவதையும் காக்க வேண்டும் என்ற கருத்து அத்தலைப்பிலேயே உள்ளது. அவருடைய பரிவு பண்ணையாளர் பக்கம் சாய்கிறது என்பது என் எண்ணம். ஆனால் நிலத்தின் உடைமையையும் விலையையும் ஒதுக்கிவிட்டுப் புல்லைப் பற்றி மட்டும் பேசும் சூழலியலை விட அவருடைய பார்வை அகலமானது.

சண்டையை முடித்தது ஒரு தீ. 1991 கோடையில் புல்லில் தீப்பற்றியது. எரியட்டும், புதர் கருகினால் நல்லது என்றனர் நிலத்துக்கு உரியவர்கள். வனத்துறையோ வழக்கப்படி வந்து அணைத்துவிட்டது. அந்நாட்டு மரங்களின் ஆண்டு வளையங்களில் பழைய தீயின் வடுக்கள் பதிவாகியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அடிக்கடி தீ பரவியதையும், பிறகு திடீரென்று நின்றதையும் அவை காட்டுகின்றன. முதலில் மாடுகள் எரிபொருளாகிய புல்லைத் தின்று தீர்த்தன. பிறகு அரசு தீயை அணைக்கத் தொடங்கிற்று. இளம் புதர்களைக் கொல்லும் இயற்கைக் கருவி இப்படி இரண்டு முறை பறிக்கப்பட்டது. தீ வேண்டும் என்பதில் பண்ணையாளரும் பாதுகாப்பாளரும் ஒரே கருத்தினர் என்று அப்போதுதான் இரு தரப்பும் கண்டுகொண்டன. வார்னர் கிளென், வெண்டி கிளென் என்ற தம்பதியரின் மல்பாய் பண்ணை வீட்டில் கூட்டங்கள் நடந்தன. 1994-இல் மல்பாய் எல்லைநிலக் குழு முறைப்படி பதிவாயிற்று. மக்டானல்டுக்கு 1998-இல் மக்கார்தர் உதவித்தொகையும் கிடைத்தது.

குழுவின் சிறந்த கண்டுபிடிப்பு என்று நான் கருதுவது 'புல் வங்கி'. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முக்கோணத்தின் கிழக்குப் பகுதியில் கிரே பண்ணை என்ற 3 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பெருநிலம் உள்ளது. 1990-இல் 'நேச்சர் கன்சர்வன்சி' என்ற பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கியது. அது மாடில்லாத அரசுச் சரணாலயமாகிவிடுமோ என்று சுற்றியிருந்தவர்கள் கலங்கினர். 1994-இல் அது ஆனிமாஸ் அறக்கட்டளையின் கைக்கு மாறியது. நிலத்தைத் துண்டாடக் கூடாது என்ற நிபந்தனை உடன் சென்றது, மேய்ச்சலும் தொடர்ந்தது. வறட்சி வந்து அக்கம்பக்கத்துப் பண்ணையில் புல் தீர்ந்தால், அப்பண்ணையாளர் தம் மாடுகளைக் கிரே பண்ணைப் புல்லுக்கு ஓட்டிவிடலாம். காசு தர வேண்டாம். மேய்ந்த புல்லின் மதிப்புக்கு ஈடாக, தம் நிலத்தை மனையாகப் பிரிக்கும் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும். நிலம் அவருடையதே, பிள்ளைகளுக்கும் போகும், விற்கவும் செய்யலாம். ஆனால் எவர் வாங்கினாலும் துண்டு போட முடியாது. இதற்கிடையே அவருடைய சொந்த நிலம் மாடு மிதிக்காமல் ஓய்வு பெறுகிறது.

எத்தனை நுட்பமான ஏற்பாடு! வறட்சியில் பண்ணையாளர் செய்யும் பெரிய தவறு, மழை வரும் வரும் என்று மாட்டை விற்காமல் வைத்திருந்து தரையை மொட்டையாக்கிவிடுவது. 1891-இல் நடந்ததும் அதுவே. அத்தவறு நேரும் கணத்திலேயே அவருக்கு வேறு வழியைத் திறந்து, அதற்கு விலையாகச் சமூகத்துக்கு நிலையான நன்மை ஒன்றையும் பெற்றுக்கொள்கிறது புல் வங்கி. இத்தகைய உடன்படிக்கைகளால் குழு காத்துள்ள நிலம் கிரே பண்ணை நீங்கலாக எழுபதாயிரம் ஏக்கருக்கு மேல். கதையின் முதற் பாதி இதுதான். இதற்கு நான் தயங்காமல் கைதட்டுவேன்.

இனி இரண்டாம் பாதி. புல் மீண்டதா? மீண்டதென்றால் காரணம் எது?

இதற்கு விடை தேட, முக்கோணத்துக்கு வடக்கே போர்ட்டல் என்ற சிற்றூருக்கு அருகில் உள்ள ஆய்வுக் களத்துக்குப் போக வேண்டும். மறுப்புக் கட்டுரையில் கையொப்பமிட்ட அதே ஜேம்ஸ் பிரௌன் 1977-இல் தொடங்கியது அது. மாடு நுழையாதபடி வேலியிட்டு, உள்ளே 50 மீட்டர் நீள அகலமுள்ள 24 சதுரங்களை அடைத்தார். சில சதுரங்களின் வேலியில் சிறு எலிகள் மட்டும் புகும் அளவுக்குத் துளைகள் இருந்தன. கங்காரு எலி என்ற பெரிய எலி அதில் புக முடியாது. பின்னங்கால்களால் தத்திச் செல்லும் இந்த எலி விதைகளைத் தேடித் தின்பதும், மண்ணைக் கிளறிப் புதைப்பதுமாக இரவெல்லாம் உழைப்பது. பன்னிரண்டு ஆண்டுகளில் கங்காரு எலி இல்லாத சதுரங்களில் உயரமான புற்கள் ஏறத்தாழ மூன்று மடங்காயின; புல்வெளியில் வாழும் எலி வகைகளும் குடியேறின. 1990-இல் இம்முடிவு வெளியானபோது பலரும் வியந்தனர். மாட்டைப் பற்றி இத்தனை சண்டை நடக்கும் நாட்டில், புல்லின் தலைவிதியை ஓர் எலியும் தீர்மானிக்கிறது!

அதைவிட முக்கியமான முடிவு 1997-இல் வந்தது. களம் முழுவதிலும் புதர்களின் அடர்த்தி மூன்று மடங்காகியிருந்தது. மாடு இல்லை, ஆனாலும் புதர் பெருகிற்று. அந்த ஆண்டுகளில் குளிர்கால மழை வழக்கத்தைவிட மிகுதியாகப் பெய்ததே காரணம் என்றனர் பிரௌனும் கூட்டாளிகளும். புற்கள் பெரும்பாலும் கோடை மழையில் வளர்பவை. குளிர்கால மழையோ மெல்ல ஆழத்தில் இறங்கிப் புதரின் வேருக்குப் பயனாகிறது. அரிசோனாவின் சான்ட்டா ரீட்டா ஆய்வு நிலத்திலும் மாட்டைத் தடுத்த வேலிக்குள்ளேயே மெஸ்கிட் பெருகியதைக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் மாடு நிரபராதியா? பண்ணையாளர் தரப்பு இந்த இடத்தில் அவசரமாகக் கைதட்டிவிடுவதைக் கண்டிருக்கிறேன். 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, போர்ட்டல் வட்டாரத்தில் மாட்டை நிறுத்திய இடங்களை வேலிக்கு வெளியே மேய்ந்த இடங்களோடு ஒப்பிட்டது. 20 ஆண்டு ஓய்வு பெற்ற இடங்களில் வேறுபாடே தெரியவில்லை. 39 ஆண்டு ஓய்வு பெற்ற இடத்தில் பல்லாண்டுப் புல் தெளிவாக மிகுந்திருந்தது. மாட்டை நீக்குவது பயன் தரும். ஆனால் ஒரு மனிதன் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறும் அளவு காலம் பிடிக்கும் என்றல்லவா பொருள்! மழை சற்று மிகுதியான எல்ஜின் பகுதியில், 1968 முதல் மாடில்லாமல் விடப்பட்ட சுமார் 8,000 ஏக்கர் ஆய்வுப் பண்ணையில் கார்ல் பாக், ஜேன் பாக் என்ற தம்பதியர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அங்கே வேலிக்கு உட்புறம் புல் தெளிவாகச் செழித்தது. எனவே 'மாட்டால் கேடில்லை' என்று எவரும் சொல்ல முடியாது. 'மாடு போனால் போதும்' என்றும் சொல்ல முடியாது. மழையளவு, மண், ஏற்கெனவே எந்த அளவுக்குப் புதர் மண்டிவிட்டது என்பவை ஒவ்வோர் இடத்திலும் கணக்கை மாற்றுகின்றன.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், மல்பாய் கதையைச் சொல்பவர்கள் செய்யும் பிழை விளங்கும். பசுமையான பள்ளத்தாக்கின் படத்தைக் காட்டுகிறார்கள். கீழே 'ஒத்துழைப்பின் பயன்' என்று எழுதுகிறார்கள். படம் எடுத்த ஆண்டில் கோடை மழை எவ்வளவு? பக்கத்தில் மாடே மேயாத நிலம் எப்படி இருந்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத படம் சான்றாகாது. மேலும், புல் என்றால் எந்தப் புல்? தென்னாப்பிரிக்காவிலிருந்து 1930-களில் கொண்டுவரப்பட்ட லேமன் புல் தென்கிழக்கு அரிசோனாவின் பல பகுதிகளில் நாட்டுப் புற்களைத் தள்ளிவிட்டுப் பரவியுள்ளது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அதுவும் பச்சைதான்.

இதைவிடத் துணிச்சலான கூற்றுகளும் உண்டு. ஆலன் சேவரி என்பவர் 2013-இல் ஆற்றிய புகழ் பெற்ற உரையில், மந்தைகளைச் சேர்த்து இடம் மாற்றி மாற்றி ஓட்டினால் பாலைவனங்களையே பசுமையாக்கலாம் என்றார். சுழற்சி மேய்ச்சல் பற்றிய சோதனைகளை ஐந்தாண்டுகளுக்கு முன்பே டேவிட் பிரிஸ்க் முதலியோர் திரட்டி ஆராய்ந்திருந்தனர். பெரும்பாலான சோதனைகளில் அது சாதாரண மேய்ச்சலைவிட மேலானதாக இல்லை. மல்பாய் குழுவினர் இத்தகைய மந்திரம் எதையும் விற்கவில்லை என்பதை அவர்களுக்கு நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

தீயின் விஷயத்தில் அவர்கள் கணக்கு உறுதியானது. 1995-இல் பெலன்சில்லோ மலையில் திட்டமிட்டுத் தீ வைத்தார்கள். 2003-இல் அதே மலையில் நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தார்கள். மாநில நிலம், மத்திய அரசு நிலம், தனியார் நிலம் என எல்லைகளைத் தாண்டி ஒரு தீயை நடத்துவதென்றால் எத்தனை கையொப்பம் வேண்டும்! இடையில் எட்டு ஆண்டுகள் ஓடியதற்கு ஒரு காரணம், அம்மலையில் வாழும் அருகிவரும் ஒரு விரியன் இனம். தீ அதை அழித்துவிடுமோ என்று பாதுகாப்பு அதிகாரிகள் தயங்கினர். தயக்கத்தைக் குறை கூற மாட்டேன். ஆனால் ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனியே காவல் வைக்கும் சட்டம், எல்லா உயிருக்கும் பொதுவான தீயைத் தடுக்கும் முரண்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஜாகுவார் விஷயம் வேறு. 1996 மார்ச் 7-ஆம் நாள் வார்னர் கிளென் நாய்களோடு மலைச்சிங்கம் என்ற பூமாவை வேட்டையாடப் போனார். நாய்கள் வளைத்தது ஜாகுவாரை. அவர் துப்பாக்கியை எடுக்கவில்லை. புகைப்படக் கருவியை எடுத்தார். படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஜாகுவார் அடித்த மாட்டுக்கு ஈட்டுத்தொகை தர ஒரு நிதியையும் குழு ஏற்படுத்தியது. இங்கே மனம் மாறியது மெய். அது சிறிய செய்தியன்று. ஆனால் அந்த விலங்கு மெக்சிகோவின் மலைகளிலிருந்து வழிப்போக்காக வந்த தனி ஆண். புல் மீண்டதால் அது வந்தது என்று எழுதுவது, கொக்கு உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதைவிட எனக்கு உயர்வாகப் படுவது படம் எடுக்கப்படாத ஒரு செயல். 1990-களின் வறட்சியில் ஒரு பண்ணைக் குடும்பம், அருகிவரும் ஒரு தவளை இனம் தங்கியிருந்த மாட்டுக் குட்டை வற்றாதிருக்க லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிற்று. அருகிவரும் உயிரினம் தம் நிலத்தில் இருப்பது தெரிந்தால் வம்பு வருமென்று மறைப்பவர்கள் உள்ள நாடு அது.

இன்னொரு குறை. இந்த முயற்சியை மற்ற இடங்களுக்கு முன்மாதிரியாக நீட்டும்போது பணத்தைப் பற்றி மெல்லப் பேசுகிறார்கள். ஆனிமாஸ் அறக்கட்டளைக்குப் பின்னால் இருந்த டிரம்மண்ட் ஹேட்லி கவிஞர், பண்ணையாளர், அமெரிக்காவின் மிகப் பெரிய பியர் தொழிற்குடும்பம் ஒன்றின் வாரிசும் ஆவார். புல் வங்கி நடக்க முதலில் புல் வேண்டும். 3 லட்சம் ஏக்கர் புல்லை வாங்கி வைக்க ஒருவர் வேண்டும். ஒத்துழைப்பு மனப்பான்மையை எந்த நாட்டிலும் வளர்க்கலாம். அத்தகைய வாரிசு ஊருக்கு ஊர் கிடைப்பாரா?

மேசையைச் சுற்றி அமராதவர்களும் உண்டு. 2020-இன் இறுதியில், சுற்றுச்சூழல் சட்டங்களை ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தைக் கொண்டு, எல்லைச் சுவருக்காகக் குவாடலூப் பள்ளத்தாக்கின் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜாகுவார்கள் மெக்சிகோவிலிருந்து வடக்கே ஏறி வரும் தடங்களில் அப்பள்ளத்தாக்கும் ஒன்று.